தோல் கைவேலைக்குக் குறைந்த செலவில் சாமான்: மதுரைப் பக்கம் எனக்குக் கிடைத்தவை

தோல் வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் யூடியூப் பார்க்கிறார்கள், அடுத்து விலைப்பட்டியல் பார்க்கிறார்கள், அதோடு பாதிப் பேர் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். ஜப்பான் உளி, பிரான்ஸ் நூல், இங்கிலாந்து ஊசி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளம் காணாமல் போய்விடும். மதுரையில் இருந்துகொண்டு அப்படிச் செலவு செய்யத் தேவையே இல்லை. தோலுக்கும் நூலுக்கும் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், மற்றதெல்லாம் இந்த ஊரில் வெவ்வேறு தொழில் செய்கிறவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கையில் ஒரு துண்டுத் தோலோடு போய், "இதை இப்படிச் சீவணும், இங்கே ஓட்டை போடணும்" என்று காட்டிக் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

முதலில் கேட்டது பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்பு, பை தைக்கிற ஒரு அண்ணனிடம். மதியம் மூன்று மணி வாக்கில் கூட்டம் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் கத்தியைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. லேத் பட்டறையில் ஓடித் தேய்ந்த அகலமான ஆக்சா பிளேடு, அதைப் பாதியாக உடைத்து முனையைச் சாய்வாகத் தீட்டி, பிடிக்கு சைக்கிள் டியூபை நாடா மாதிரி வெட்டிச் சுற்றியிருந்தார். அவ்வளவுதான் கருவி. அதை வைத்துக்கொண்டு ஒரு தோல் வாரின் ஓரத்தைக் காகிதம் போலச் சீவினார். என் கையில் கொடுத்தபோது சொன்னார், "கத்தியைப் படுக்கப் போடும்மா, நிமிந்துச்சுன்னா ஓட்டை விழுந்துரும்." எத்தனையோ வீடியோவில் கோணம், டிகிரி என்று சொன்னது இந்த ஒரு வாக்கியத்தில் கையில் ஏறிவிட்டது.

நான் இரண்டு ஊசி போட்டு இரண்டு பக்கமிருந்தும் ஒரே ஓட்டையில் நூல் ஓட்டித் தைப்பதை அவரிடம் காட்டினேன். சேடில் ஸ்டிச் என்கிறோமே, அது. ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொண்டு நிற்கும், மெஷின் தையல் போலக் கடகடவென்று பிரியாது. அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்கு ரெண்டு கையும் வேணுமே, செருப்பை யார் பிடிக்கிறது" என்றார். அவர் பயன்படுத்துவது கொக்கி ஊசி. ஒரு கை செருப்பைப் பிடித்திருக்க மறு கையால் நூலை இழுத்து இழுத்துத் தைப்பது. அந்த வேலைக்கு அதுதான் சரி.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வருவது நியாயமில்லை. வகுப்புக்குக் கட்டணம் கட்டுவதுபோல அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். நகரத்தில் அரைநாள் பயிற்சி முகாமுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறவர்கள் தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கிற கைக்கு மட்டும் இலவசமாகக் கேட்பது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

நூல், சொல்யூஷன் எல்லாம் எங்கே வாங்குகிறார் என்று கேட்டேன். கீழவாசல் பக்கம் செருப்புச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடைக்கு வழி சொன்னார். அந்த மாதிரிக் கடை ஒன்று தெரிந்துகொண்டால் போதும், உங்கள் பட்டியலில் பாதி அடித்துவிடலாம். மரப்பிடி போட்ட குத்தூசி, வட்ட ஓட்டை போடுகிற இரும்பு பஞ்ச் சைஸ் வாரியாக, ரிவிட், ஐலெட், டிச் பட்டன், அதை அடிக்கிற அச்சு, பக்கிள் எல்லாம் அங்கே தொங்கும். குத்தூசி உருண்டை முனையோடு வரும். எண்ணெய்க்கல்லில் நான்கு பட்டையாகத் தீட்டிக்கொண்டால் தையல் சாய்வாக அழகாக விழும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் வகை போதும், இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்த வாடை நல்லதல்ல.

தையல் சாமான்களுக்கு, முன்பு புதுமண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் ஒரு நடை போய் வாருங்கள். டெய்லர்கள் துணியில் குறி போட உருட்டுகிற பல்சக்கரம் இருக்கிறதே, அதைத் தோலில் அழுத்தி உருட்டினால் தையல் புள்ளி ஒரே இடைவெளியில் விழும். எம்பிராய்டரிக்கு விற்கிற மொட்டை முனை ஊசி, விலை உயர்ந்த தோல் ஊசிக்குச் சரியான மாற்று. நூல் மட்டும் தடித்த பாலியஸ்டர், பை தைக்கிறவர்கள் வாங்குகிற கோன். ஒரு கோன் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். தையல் நீளத்தைப்போல நான்கு மடங்கு நூல் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்தால் முடிச்சுப் போட்டு அசிங்கமாகிவிடும்.

நூலுக்குப் பூசத் தேன்மெழுகு வேண்டும், அதற்கு நாட்டு மருந்துக்கடைதான். மெழுகுவர்த்தி மெழுகைத் தேன்மெழுகு என்று கொடுத்துவிடுவதும் உண்டு. விரலில் வைத்து உருட்டிப் பாருங்கள், நல்ல தேன்மெழுகு கைச்சூட்டில் இளகும், தேன் வாசம் அடிக்கும், மற்றது பொடிந்து உதிரும். அதே கடையில் பாதாம் பிசின் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ஊறவைத்தால் காலையில் கூழாகி நிற்கும். அதைத் துணியில் பிழிந்து, தோலின் வெட்டிய ஓரத்தில் தடவி வழவழப்பான மரத்துண்டால் தேய்த்தால் ஓரம் கண்ணாடிபோல் மின்னும். வெளிநாட்டுப் பிசின் டப்பா வாங்கத் தேவையே இருக்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் கெட்டுப்போகும், கொஞ்சமாகச் செய்யுங்கள். தோல் காய்ந்து விறைக்காமல் இருக்க விளக்கெண்ணெய் ஒரு சொட்டு இரண்டு சொட்டு, அதற்குமேல் வேண்டாம்.

அன்னபேதியும் அங்கேயே கிடைக்கும். அது இரும்புச் சத்துள்ள உப்பு. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கும், இரண்டும் சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயும் அன்னபேதியும் கலந்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே கணக்குதான். தண்ணீரில் கரைத்துத் தோலில் தடவினால் கண் முன்னாலேயே கறுத்துவிடும், சாயம் பூசியதுபோலக் கையில் ஒட்டாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

நான் இந்தக் கரைசலை ஒரு சின்ன மருந்துப் பாட்டிலில் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன், துண்டுத் தோல் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு சொட்டு வைப்பேன். உடனே கறுத்தால் பட்டைத் தோல். நிறம் மாறாவிட்டால் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. குரோம் தோலில் பின்னால் கொஞ்சம் பட்டைச் சாறு ஏற்றியிருந்தால் அதுவும் லேசாகக் கறுக்கும், அதனால் வெட்டு முனையையும் பாருங்கள், நடுவில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் அது குரோம்தான். குரோம் கெட்ட தோல் இல்லை, மென்மையான பைக்கு நல்லது. ஆனால் அதில் பூ வேலை அச்சு நிற்காது, ஓரமும் தேய்த்து மின்னாது.

இப்போது கத்தி விஷயம். ஆக்சா பிளேடு சீவுவதற்கு நன்றாக இருந்தது. ஆனால் வளைவாக வெட்ட அரைவட்டக் கத்தி வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை, அதன் விலை இணையத்தில் பார்த்தால் நெஞ்சு அடைத்தது. திருப்பாச்சேத்தி ராமேஸ்வரம் ரோட்டில்தானே இருக்கிறது, அரிவாளுக்குப் பேர்போன ஊர், அங்கே போய்க் கேட்டால் என்ன என்று அட்டையில் வடிவம் வெட்டிக்கொண்டு கிளம்பினேன். பட்டறையில் இருந்த பெரியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னா தாயி, பாக்கு வெட்டவா?" பையிலிருந்து தோல் துண்டை எடுத்து, வளைவாகப் பென்சிலில் போட்டிருந்த கோட்டின்மேல் அட்டையை உருட்டிக் காட்டினேன். தோலை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "அருவா கணக்கா தடிமனா இருந்தா இதுல எறங்காது, பிஞ்சுரும்" என்று அவரே சொன்னார். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை எடுத்துக் காய்ச்சி, தட்டித் தட்டி மெல்லிசாக்கி, வளைவை என் அட்டைமேல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே போனார். சூடு ஆறுமுன் அட்டை ஓரம் கருகியதை இன்னும் வைத்திருக்கிறேன். தோய்ச்சல் போட்டபின், அதாவது காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிரவைத்து இறுக்கியபின், வாய்ப்பகுதியை மட்டும் அரத்தால் சோதித்தார், அரம் வழுக்கிக்கொண்டு போனது. பிடி மாட்டிக்கொள்ள நடுவில் ஒரு வால் விட்டுக் கொடுத்தார். பெயர், போன் நம்பர் நோட்டில் எழுதிக்கொண்டார், கூர் ஆயுதம் செய்து கொடுத்தால் அவருக்கு அது வழக்கம். பிடியை வீட்டுக்குப் பக்கத்துத் தச்சுப் பட்டறையில் போட்டேன். இறக்குமதிக் கத்தி விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அதே தச்சுப் பட்டறையில் கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல், ஒன்று வாங்கினேன். ஓட்டை போடுகிற பஞ்ச்சை இரும்புச் சுத்தியலால் அடித்தால் தலை நசுங்கும், கொட்டாப்புளிதான் சரி. அடியில் வைக்கப் புளியங்கட்டைத் துண்டு, இறைச்சிக்கடையில் வைத்திருப்பார்களே அந்த மாதிரி. சீவுவதற்கும் அச்சு அடிப்பதற்கும் அசையாத கல் வேண்டும், மேலூர் ரோட்டில் கிரானைட் கடையில் சமையலறைத் திண்டு வெட்டியபின் மிஞ்சிய துண்டைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், நான் அப்படித்தான் வாங்கினேன். கத்தியை அடிக்கடி தீட்ட, மரப்பலகையில் தோல் துண்டை ஒட்டி, பாத்திரம் பாலீஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் பச்சைக் கட்டியைப் பூசிக்கொள்ளுங்கள். பத்துத் தடவை இழுத்தால் முகம் மழிக்கிற கூர் வந்துவிடும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும்.

தையல் ஓட்டைக்கான பல் உளி மட்டும் உள்ளூரில் எனக்குச் சரியாக அமையவில்லை. தம்பி பிறந்தநாளுக்கு இணையத்தில் ஒரு மலிவு செட் வாங்கிக் கொடுத்தான், பல்லெல்லாம் சொரசொரப்பாக, தோலில் மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. ஆனால் எஃகு பரவாயில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளில் 400, 800, 1200 என்று வரிசையாகத் தேய்த்து, கடைசியில் பச்சைக் கட்டி போட்டு மெருகேற்றினேன், இப்போது வெண்ணெயாக இறங்குகிறது. 4 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளது வாங்குங்கள், பர்ஸ், பெல்ட் இரண்டுக்கும் ஒப்பேறும்.

கடைசியாகத் தோல். அதற்குத் திண்டுக்கல். தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடுகிற ஆலைகள், தலைமுறையாக இருக்கிற ஊர், மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தமிழ்நாட்டில் பட்டைச் சாற்றில் பதனிடுகிற தோலுக்கு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று பெயர், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. நான் போன கடையில் பாய் ஒருவர், வயசானவர், ஒரு தோலை விரித்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். மழையில் நனைந்த மரப்பட்டை வாசம். "எங்க தாத்தா காலத்துல ஆவாரம்பட்டைம்மா, அப்புறம் மலையிலேர்ந்து சீகைப்பட்டை" என்றார். அவர் சொன்ன சீகை கொடைக்கானல், நீலகிரி மலைகளில் இந்தத் தொழிலுக்காகவே நட்டு வளர்த்த வாட்டில் மரம்.

தோலின் பின்பக்கம் சாக்கில் 5, அதன் தலையில் சின்னதாக 2 என்று எழுதியிருந்தது. ஐந்தரைச் சதுர அடி என்று அர்த்தம், அந்தச் சின்ன எண் கால் பங்குக் கணக்கு, 2 என்றால் இரண்டு கால், அதாவது அரை. தெரியாமல் போனால் குழம்பிவிடுவீர்கள். முழுத்தோல் வாங்க வேண்டியதில்லை, துண்டுகளை எடை போட்டு விற்கிற இடத்தில் உட்கார்ந்து பொறுக்குங்கள். அட்டை வைக்கிற பர்ஸுக்கு 1 முதல் 1.2 மில்லிமீட்டர், பெல்ட்டுக்கு 3 முதல் 4. துண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல நீண்டால் வயிற்றுப் பகுதி, வாருக்கு உதவாது. இன்னொன்று, திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களில் தோல் ஷாப் கழிவால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன வேதனை பெரியது. அவ்வளவு விலை கொடுத்து உருவான பொருள் குப்பைக்குப் போகக்கூடாது என்பதற்காகவே நான் துண்டுத் தோலை விரும்பி வாங்குகிறேன், விரலகலத் துண்டைக்கூடச் சாவிக்கொத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இன்னும் அமையாத ஒன்று பித்தளைப் பக்கிள். கடையில் கிடைப்பது முலாம் பூசியது, ஆறு மாதத்தில் வெளுத்துவிடுகிறது. ஜல்லிக்கட்டுக் காளைகளின் கழுத்துப்பட்டைக்குப் பித்தளை வளையம் வார்க்கிறவர்கள் அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் யாரையாவது தெரிந்தால் இங்கே எழுதுங்கள். ஒன்றேகால் அங்குல வாருக்கு ஏற்ற அளவு, முள்ளும் பித்தளையிலேயே வேண்டும். மாதிரிக்கு மெழுகில் செதுக்கி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன்.