நல்லூர்த் திருவிழா முடிந்தது, மகனின் நித்திரை திரும்பவில்லை

மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் தரம். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கிறோம். நல்லூர் முருகன் கோயில் திருவிழாவின் 25 நாளும் அம்மம்மாவுடன் பூசை, கச்சான், ஐஸ்கிரீம் என்று திரிந்து இரவு பதினொரு மணிக்குத்தான் படுத்தான். தீர்த்தம் முடிந்து இரண்டு வாரமாகியும், பள்ளிக்கூடம் தொடங்கியும் அதே பதினொரு மணிதான். காலை ஐந்தரைக்கு எழுப்பினால் வயிற்றுவலி என்கிறான். சனி, ஞாயிறில் அந்த வலி வருவதே இல்லை. மருத்துவரிடம் காட்டினோம், உடம்பில் குறையில்லை.

தொலைக்காட்சியை நிறுத்தினேன். எட்டு மணிக்கே விளக்கை அணைத்தேன். இருட்டில் தலையணையைக் கட்டித் தேர் இழுத்தான். பின்னேரம் நான் வேலையால் வருமுன் அம்மம்மா இரண்டு மணிநேரம் படுக்க வைத்துவிடுகிறார். சொன்னால், "பிள்ளை களைத்துப்போய் வருகிறான்" என்கிறார்.

அந்தப் பகல் நித்திரையை ஒரேயடியாக நிறுத்துவதா, நாளுக்குக் கால் மணிநேரமாகக் குறைப்பதா?