புதுப்பிப்பு: மேலூர் நிலத்தை விற்று பைலட் லைசென்ஸ் எடுக்கலாமா?

மதுரை ஏர்போர்ட்டில் கிரவுண்ட் ஸ்டாஃபாக இருக்கிறேன், முன்னேற மேலூர் நிலத்தை விற்று சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) படிக்கலாமா என்று கேட்டிருந்தேன். இப்போதைக்கு விற்கவில்லை. சம்பளத்திலேயே முடியக்கூடியவை முதலில். பைலட்டுக்கான உடல்தகுதிச் சோதனையில் முதல்படியான கிளாஸ் 2 மெடிக்கல் தேறிவிட்டேன், அடுத்து சிபிஎல்லுக்குக் கட்டாயமான கிளாஸ் 1. அது தேறாமல் தயவுசெய்து யாரும் ஃபீஸ் கட்டாதீர்கள். லைசென்ஸுக்கான நேவிகேஷன் (வழி கணிப்பது), மீட்டியராலஜி (வானிலை), ரெகுலேஷன் (விதிமுறைகள்) தேர்வுப் பேப்பர்களை ஷிஃப்ட் முடிந்து வீட்டிலேயே படிக்கிறேன்.

பெரிய செலவு லைசென்ஸுக்குத் தேவையான 200 மணி நேரப் பறப்பில்தான். லைசென்ஸ் வந்தபிறகும் ஏ320 போன்ற விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கான தனிப் பயிற்சியும் தகுதியும்) வேண்டும், அது தனிச்செலவு. சேரும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

"நெலம் எங்கயும் போயிறாதுடா, மொதல்ல பரீட்சைய முடி" என்றார் அப்பா.

முழுப்பணத்தையும் முன்பே கேட்ட ஃப்ளையிங் பள்ளியை விட்டுவிட்டேன். பேப்பர்கள் தேறியதும், பறக்கப் பறக்கத் தவணையாகக் கட்டும் இடத்தில்தான் சேர்வேன்.