மறு: பள்ளியில் மட்டும் வாய் திறக்காத பிள்ளைகளுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளைக்குப் பள்ளி போன்ற சில இடங்களில் மட்டும் பேச்சு வராமல் போவதை ஆங்கிலத்தில் 'செலெக்டிவ் மியூட்டிசம்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நம் குழுவில் ஐயா நேற்று முன்வைத்த 'தேர்வு ஊமைமை' பற்றி. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அப்படித்தான் வரும், சரி. ஆனால் எனக்கு இரண்டு பாதியுமே இடறுகின்றன.

பள்ளிக்கூடப் பேச்சில் தேர்வு என்றால் பரீட்சைதான். அதை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்தல் என்றே கொண்டாலும், தேர்ந்தெடுத்தது யார்? பிள்ளையா? இந்தப் பெயர் ஆங்கிலத்தில் பட்ட பாடே இந்தக் கேள்வியால்தான். 1877இல் ஜெர்மன் மருத்துவர் குஸ்மால், 'தன் விருப்பத்தால் வந்த பேச்சிழப்பு' என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்தார். 1934இல் சுவிஸ் உளமருத்துவர் டிராமர் அதை 'எலெக்டிவ் மியூட்டிசம்' ஆக்கினார். விருப்பம் அதிலும் ஒட்டிக்கொண்டே இருந்தது. 1994இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் நான்காம் பதிப்பில்தான் 'எலெக்டிவ்' போய் 'செலெக்டிவ்' வந்தது. பிள்ளை அடம்பிடிக்கவில்லை, சில இடங்களில் மட்டும் அதற்குப் பேச்சு வருவதில்லை என்று காட்டத்தான் அந்த மாற்றம். 2013இல் ஐந்தாம் பதிப்பு இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தது. 117 வருடம் கழித்துக் கழற்றிய பழியை நாம் 'தேர்வு' என்று மறுபடி மாட்டிவிட வேண்டாமே.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. அக்கா மகள் யுகேஜி படித்த வருடம். வீட்டில் வாய் ஓயாது. வேன் தெருமுனை திரும்பியதும் பாட்டு நின்றுவிடும். வகுப்பில் பெயர் கேட்டால் ஃப்ராக் ஓரத்தை விரலில் சுருட்டிக்கொண்டு நிற்பாளாம். ஒருநாள் பாத்ரூம் போகணும் என்று கேட்க முடியாமல் உடுப்பை நனைத்துக்கொண்டு வந்தாள். டைரியில் சிவப்பு மையில், 'ரொம்ப அழுத்தம். கேட்டால் பதில் சொல்வதில்லை.' அன்று சாயங்காலம் அவள் எங்களை வரிசையாக உட்காரவைத்து, டீச்சர் குரலில் வருகை எடுத்தாள். வகுப்புப் பிள்ளைகள் பெயர் ஒன்றுகூட விடவில்லை. தன் பெயர் வந்ததும், கூரை அதிர, "ப்ரசன்ட் மிஸ்!"

'அழுத்தம்' என்று எழுதிய டீச்சரையும் குறை சொல்ல முடியாது, மொழி கையில் கொடுத்த சொல் அது. அழுத்தக்காரி, அமுக்குணி, கல்லுளிமங்கன், ஊமைக்கோட்டான் என்று வாய் திறக்காதவர்களுக்கு நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. எல்லாமே வசவு. உள்ளே எதையோ வைத்துக்கொண்டு வேண்டுமென்றே சொல்லாதவர் என்ற சந்தேகம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. 'கமுக்கம்' கொஞ்சம் தேவலை, ஆனால் அதிலும் ரகசிய வாடை. 'ஊமை' காயத்துக்கும் வெயிலுக்கும் அழகாகப் பொருந்துகிறது; மனிதருக்குச் சொல்வதை விட்டுவிட்டோம். கலைச்சொல் என்ற பெயரில் அதைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

நன்னூலிலிருந்து 'மடற்பனை' எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ரசித்தேன். தானாகப் பழம் விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க விடாத பனை. ஆனால் நன்னூலை எழுதிய பவணந்தியார் அதைச் சொன்னது ஆசிரியர் ஆகத் தகாதவரை. அலுவலகத்தில் எதையும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருக்கும் சீனியருக்கு அது கச்சிதம். பிள்ளைக்கு வேண்டுமானால் அதே பட்டியலில் வரும் பருத்திக் குண்டிகை, அதாவது பஞ்சடைத்த குடுவை, கிட்டத்தில் வரும்: உள்ளே நிறையப் பஞ்சு, கழுத்துதான் குறுகல். இருந்தாலும் மருத்துவச் சீட்டில் குண்டிகை என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

அடுத்து 'பேசமாட்டாமை' யோசித்தேன். பழைய தமிழில் மாட்டாமை என்றால் இயலாமை. ஒரு நாள் முழுக்க அதை மெச்சிக்கொண்டிருந்தேன். அப்புறம் அக்காவிடம் சொன்னதும், "பேசமாட்டேன்னு சொல்றதா?" என்றாள். அதோடு முடிந்தது. இன்றைய காதில் 'மாட்டேன்' மறுப்புதான்.

என் முன்மொழிவு: பேச்செழாமை. 'அவனுக்குப் பேச்சே எழவில்லை' என்று நாம் சொல்லும்போது யாரும் அவனைத் திட்டுவதில்லை. பேச்சுதான் எழவில்லை, அவன் மறுக்கவில்லை. 'நா எழவில்லை' என்பதைத் தொடவில்லை. 'பொய் சொல்ல நா எழவில்லை' என்பதில் மனம் ஒப்பாமை வந்துவிடுகிறது. இடத்தைக் குறிக்க முன்னொட்டு வேண்டுமென்றால் 'இடஞ்சார் பேச்செழாமை'. 'பள்ளியில் பேச்செழாத பிள்ளை' என்று பெயரெச்சமாகவும் ஓடுகிறது.

சொல்லைக் கண்ட இடத்தில் ஒட்டவும் கூடாது. பள்ளி சேர்ந்த முதல் மாதத்து மௌனம் இதில் சேராது என்கிறது மேலே சொன்ன அமெரிக்கக் கையேடு. வகுப்பு மொழி தெரியாததால் பேசாமல் இருப்பதும் சேராது. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்து ஆங்கிலவழி வகுப்பில் முழிக்கும் பிள்ளைக்குப் பேச்செழாமை இல்லை. சுபாவமாகவே அளந்து பேசும் பெரியவர்களுக்குச் 'சொற்சிக்கனம்' போதும்.

ஒரு உறுத்தல் மிச்சம். ஈழத்தில் பேசுவது 'கதைப்பது'. 'அம்மா பேசினவ' என்றால் அம்மா திட்டினார். அங்கே பேச்செழாமை என்றால் ஏச்சு எழாமை என்று கேட்குமா? 'கதையெழாமை' என்று மாற்றினால் இங்கே எழுத்தாளர்கள் எல்லாரும் தங்களுக்கு இருப்பதாகச் சொல்வார்கள். யாழ்ப்பாண, மட்டக்களப்பு நண்பர்கள் காதில் எப்படி விழுகிறது என்று எழுதுங்கள். அதுவரை சொல்லைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.