அஞ்சு மாதக் குழந்தை: ராத்திரிப் பாலைக் குறைக்கணுமா, தூளியை அவிழ்க்கணுமா?

முற்றம்_காரைக்குடி
தாய்வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குக் கிளம்புற சமயத்தில் எல்லா வீட்டிலும் வர்ற பேச்சு: "ராத்திரி நாலு தரம் பால் கொடுத்துப் பழக்கிட்டே, அதான் தூங்கலை." அதில் பாதி உண்மைதான்னு சொல்வேன். பிறந்த எடை இரட்டிப்பை நெருங்கிட்ட அஞ்சு மாதக் குழந்தைக்கு ராத்திரி ரெண்டு தரம் பெரும்பாலும் போதும். ஏறக்குறைய 50 நிமிஷத்துக்கு ஒருமுறை தூக்கம் லேசாகும். காம்பு வாயில் இருக்கவே தூங்கிப் பழகினது, அப்பவும் அதையேதான் தேடும்.

ஆயாவீடு_தேவகோட்டை
பழக்கம்னு அவ்வளவு சுலபமாத் தள்ளாதீங்க ஆச்சி. நாலு மாதத்துக்கு மேல குழந்தை வேடிக்கை பார்க்க ஆரம்பிக்கும். வளவில், அதான் வீட்டு உள்முற்றத்தில், நாலு பேர் நடமாடினா ரெண்டு நிமிஷம் குடிச்சிட்டுத் திரும்பிக்கும். பகலில் விட்டதை ராத்திரி வாங்கிக்கும், அது நிஜப் பசி. முதல்ல பகல் பாலைச் சரி பண்ணணும்: உள் அறை, கதவைச் சாத்தி, ரெண்டரை மூணு மணிக்கு ஒருதரம். அதைச் செய்யாம ராத்திரியை வெட்டினா எடை நின்னுபோகும். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டினும் ராத்திரியில்தான் அதிகம். இன்னொண்ணு, பால் கொடுக்கிறதையே கருத்தடையா நம்பி இருக்கிறவங்க கவனிக்கணும். ஆறு மாதம் வரை, மாதவிலக்கு திரும்பாம, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, பகலில் 4 மணி, ராத்திரியில் 6 மணி இடைவெளியைத் தாண்டாம இருந்தாத்தான் அது செல்லும்.

கேப்பை_கோட்டையூர்
படுக்குமுன் ரெண்டு ஸ்பூன் கேப்பைக் கூழ் ஊட்டினா விடியவரை தூங்குமே?

ஆயாவீடு_தேவகோட்டை
வேண்டாம்மா. ஆறு மாதம் முடியற வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். கூழ் வயிற்றை அடைச்சுப் பால் குடிக்கிறதைக் குறைக்கும். தேன் ஒரு வயது வரை தொடக்கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி விதை குழந்தையோட நரம்பைத் தளர்த்திடும். வசம்பும் உரசிக் கொடுக்க வேண்டாம்.

முற்றம்_காரைக்குடி
அதில் எனக்கு மறுப்பில்லை. பகல் பால் சரியான பிறகு எப்படிக் குறைக்கிறதுன்னு சொல்றேன். ஏழரைக்குப் படுக்கப் போடும்போது விளக்கு எரியவே பால், அப்புறம் ஏப்பம், துணி மாத்துறது. கண் சொருகும்போது, முழுசாத் தூங்கறதுக்கு முந்தியே கீழே போடுங்க. இந்த ஒரு வேளையைத்தான் முதல்ல மாத்தணும். ரெண்டாவது, 12 மணிக்கு முந்தி வர்ற பாலில் ரெண்டு ராத்திரிக்கு ஒருமுறை 2 நிமிஷம் குறைக்கணும். அஞ்சு நிமிஷத்துக்குக் கீழே வந்துட்டா அதைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்கலாம். விடியக்காலைப் பாலைத் தொடவேண்டாம். ஒரேயடியா நிறுத்தினா பால் கட்டிக்கும், காய்ச்சல்வரை போகும். மார்பு கனத்துட்டா, வலி விடற அளவு மட்டும் கையால் பீய்ச்சுங்க, முழுசா எடுத்தா மறுபடி அவ்வளவே சுரக்கும்.
24 மணி நேரத்தில் குழந்தை மூத்திரத்தில் நனைக்கிற துணி ஆறுக்குக் குறைஞ்சா குறைக்கிறதை அன்றைக்கே நிறுத்திடணும்.
ஆனா நான் முக்கியமாச் சொல்ல வர்றது தூளி. ஆட்டம் நின்னா முழிச்சுக்கிற குழந்தைக்குப் பாலைக் குறைச்சு என்ன பயன்?

ஆயாவீடு_தேவகோட்டை
சித்திரை வெயிலில் நம்ம ஊர்ல புடவைத் தூளி இல்லாமப் பகல் தூக்கமே கிடையாது. பக்கத்தில் பெரியவங்க உட்கார்ந்திருந்தா என்ன?

முற்றம்_காரைக்குடி
காத்துக்குக் கல்தரை போதும். அதில் பாய் போட்டு, மேல மெல்லிய விரிப்பு, தலையணை இல்லாம, மல்லாக்க. தூளியில் உடம்பு வளைஞ்சு தாடை நெஞ்சில் முட்டினா மூச்சுப்பாதை மடங்கிடும். இது புரளத் தொடங்குற வயசு வேற.

ஆயாவீடு_தேவகோட்டை
ராத்திரிக்குத் தரைதான், ஒத்துக்கிறேன். பகலுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். மாமியார் வீட்டுக்குப் போன முதல் வாரம் மட்டும் இது எதையும் தொடங்காதீங்க. இடம் புதுசு, முகம் புதுசு, அதோட பாலும் குறைஞ்சா நாலு தரம் ஏழு தரமாகும்.