தகவமை ஒளியியல்: ஆடியில் சதுரங்கக் கட்ட வடிவம் வருகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. தொலைநோக்கிக்கான தகவமை ஒளியியல் கருவி (காற்றால் கலங்கும் பிம்பத்தை உடனுக்குடன் திருத்துவது) ஒன்றை ஆய்வக மேசையில் சோதித்து வருகிறேன். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

அமைப்பு வழக்கமானதுதான்: லேசர், காற்றுக் கொந்தளிப்புக்குப் பதிலாகச் சுழலும் கண்ணாடித் தட்டு, மின்னழுத்தத்தால் உருமாறும் ஆடி, குட்டி வில்லைகளின் வரிசையால் ஒளி அலையின் சரிவை அளக்கும் ஷாக்-ஹார்ட்மன் உணரி. 1953இல் வானியலாளர் ஹோரஸ் பாப்காக் முன்வைத்த யோசனையேதான்: அலைமுகத்தின் (ஒளி அலையின் முகப்பின்) கோணலை அளந்து, அதற்கு எதிராகத் திருத்துவது. வளிமண்டலம் சில மில்லி நொடிகளில் மாறிவிடும் என்பதால் நொடிக்கு 1000 முறை திருத்துகிறேன்.

முதல் சில நொடிகள் அருமை. சிதறிக் கிடந்த ஒளி ஒரு புள்ளியாகச் சுருங்கி, சுற்றி மெல்லிய வளையம்கூடத் தெரிகிறது. அப்புறம் அதன் நான்கு மூலைகளிலும் மங்கலாக நான்கு புள்ளிகள் முளைக்கின்றன. ஆடிக்குப் போகும் மின்னழுத்தங்களைப் பார்த்தால், சதுரங்கப் பலகை போல ஒன்று மேலே, அடுத்தது கீழே. இந்தக் கட்ட வடிவத்தைத்தான் வாஃபிள் என்பார்கள். உணரி சரிவை மட்டும் அளப்பதால், ஒவ்வொரு குட்டி வில்லைக்குள்ளும் ஏற்ற இறக்கம் சமன்பட்டு, இது அதன் கண்ணில் படுவதே இல்லை. சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகிறது.

பெருக்கத்தை (ஒவ்வொரு முறையும் எவ்வளவு திருத்துவது என்ற அளவை) குறைத்தால் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். கட்டுப்பாட்டில் கொஞ்சம் கசிவு வைத்தால், அதாவது பழைய திருத்தத்தைச் சிறிது சிறிதாக மறக்கவிட்டால், நிற்கிறது. ஆனால் பிம்பத்தின் கூர்மை குறைகிறது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இதில் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மீளமைப்பு அணியிலிருந்தே (உணரியின் அளவுகளை ஆடிக்கான கட்டளைகளாக மாற்றும் எண் அட்டவணை) இந்த வடிவத்தை நீக்கினீர்களா? விளிம்பில் பாதி வெளிச்சம் மட்டும் விழும் வில்லைகளைச் சேர்த்தீர்களா, ஒதுக்கினீர்களா? எனக்கு அந்த விளிம்பின் மேல்தான் சந்தேகம். அளவீட்டுக் கோப்புகள் கேட்டால் உடனே அனுப்புகிறேன்.