மறு: மறு: பள்ளி மண்டப முகப்புக் கல் – இரண்டாம் தவணைக்கு முன்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

நம் ஊர்ப் பள்ளி மண்டபத்தின் முகப்பைச் சிவப்பு மணற்கல்லில் கட்ட நாம் சேர்ந்து தரும் பணத்தின் இரண்டாம் தவணையை இந்த மாதமே அனுப்ப வேண்டும் என்று சிங்கப்பூர்ப் பெரியப்பா எழுதியிருந்தார். நான் தருவதாகச் சொன்ன தொகையிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால், கல்லைச் சோதிக்காமல் ஒரு காசும் போகக் கூடாது.

கீழத்தெரு அத்தை பொங்கலுக்குப் போனபோது பார்த்ததை மஸ்கட் தம்பி இந்தக் குழுவில் எழுதினான். அதே மணற்கல்லில் ஏற்கெனவே எழுப்பிய நுழைவு வளைவின் கால்களில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது, தடவினால் செம்பொடி உதிர்கிறது என்றான். அதற்கு, "வயதானவர்கள் எதையாவது சொல்வார்கள்" என்று ஒருவர் பதில் போட்டார். அத்தை எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. அவர் சொன்னதில் ஒரு சொல் கூட மிகையில்லை. அப்படி எழுதியவர் அவரிடம் தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது.

நம் ஊர் நீர் எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடக் கைப்பம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று சத்துணவு ஆயா குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து வருவார். அந்த உப்பு நீர்தான் மணற்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. வெயிலில் நீர் ஆவியாகிவிடும். உப்பு உள்ளே படிகமாகத் தங்கும். படிகம் வளர வளர மணல்மணிகளைப் பிணைத்திருக்கும் பொருளை நெம்பிப் பிரித்துவிடும். போதாததற்குக் கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

மணற்கல் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. நான் இருக்கும் ஸ்காட்லாந்து எடின்பரோவின் புதுநகரம் 1767-இல் தொடங்கிக் கட்டியது, பெரும்பாலும் மணற்கல்தான். கிரெய்க்லீத் சுரங்கத்துக் கல்லில் மணல்மணிகளைச் சிலிக்காவே, அதாவது மணலின் அதே கடினமான பொருளே, பிணைத்திருக்கிறது. அதன் விளிம்புகள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன. பிணைப்பு களிமண்ணாக இருந்தால் ஈரத்தில் இளகும். சுண்ணமாக இருந்தால் அமிலம் கலந்த மழை அரிக்கும். ராஜஸ்தான் கல் என்று ஒரே பெயர் சொல்கிறோம், ஒரே சுரங்கத்தில் கூட அடுக்குக்கு அடுக்குத் தரம் மாறும்.

மணியக்காரர் வீட்டுச் சித்தப்பா, "டெல்லிச் செங்கோட்டை 1648-இலிருந்து நிற்கவில்லையா? பக்கத்து ஊரான் கருங்கல்லில் வளைவு கட்டினால் நாம் அதற்கு மேல் கட்ட வேண்டாமா?" என்று கேட்டார். சித்தப்பா, செங்கோட்டை இருக்கும் இடத்தில் கடலும் இல்லை, நம் உவர்மண்ணும் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன், காஞ்சி கைலாசநாதரைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்மன் எடுத்த மணற்கல் கோயில். சிங்கத் தூண்களின் முகங்கள் எத்தனை இடங்களில் கரைந்து போயிருக்கின்றன! அந்தச் சிற்பிகளும் அடித்தளத்தில் கருங்கல்லை வைத்து, மேலேதான் மணற்கல்லை எழுப்பினார்கள். நாமோ வளைவின் கால்களை நேராக மண்ணில் நட்டிருக்கிறோம். அதிலும் கல்லின் இயற்கை அடுக்கு நெட்டுக்குத்தாக நிற்கிறது. படத்தில் இலை இலையாக உரிவது அதனால்தான். கல் மண்ணுக்குள் எப்படிக் கிடந்ததோ அப்படியே அடுக்கு படுத்த நிலையில் வைத்திருந்தால் மேலே இருக்கும் பாரமே அடுக்குகளை அழுத்திப் பிடித்திருக்கும்.

சிமெண்ட் பூசி வண்ணம் அடித்துவிடலாம் என்கிறாராம் ஒப்பந்தக்காரர். வேண்டவே வேண்டாம். எடின்பரோவில் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் வைத்தார்கள். சிமெண்ட் வழியே ஈரம் வெளியேற முடியவில்லை; சிமெண்ட் அப்படியே நின்றது, அதைச் சுற்றியிருந்த கல் குழிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய இப்போது வீட்டுக்காரர்கள் கொட்டும் பணத்தைக் கண்ணால் பார்க்கிறேன்.

பூவரசமரத்து வீட்டு அண்ணன் முதல் தவணைக்கு ரசீது கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. அவர் அனுப்பிய பட்டியலை நானும் பார்த்தேன். "சிவப்புக் கல்" என்று எழுதிச் சதுர அடிக்கு விலை போட்டிருக்கிறார்கள். எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு, எவ்வளவு நீர் உறிஞ்சும் என்று ஒரு வரி இல்லை. குளத்துப் படிக்கட்டுக் கல்வெட்டில் என் அப்பா பெயரை விட்டவர்களே இந்தக் கணக்கையும் எழுதுகிறார்கள் என்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதைத் தனியே பேசிக்கொள்ளலாம்.

நான் கேட்பது இதுதான். மண்டபத்துக்கென்று வந்து இறங்கியிருக்கும் கற்களிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும்; வியாபாரி பையில் கொண்டுவரும் துண்டு கூடாது. நிறம் மாறும் ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இந்தியத் தரநிலை (ஐ.எஸ்.) முறைப்படி சோதிக்க வேண்டும்: நீர் உறிஞ்சலுக்கு ஐ.எஸ். 1124, நசுக்கு வலிமைக்கு ஐ.எஸ். 1121, நீடித்து நிற்குமா என்பதற்கு ஐ.எஸ். 1126. வலிமையை உலர்ந்த கல்லிலும் ஊறிய கல்லிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஊறியதும் பாதியாகச் சரிந்தால் களிமண் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

நமக்கு மிக முக்கியமானது உப்புச் சோதனை. ஐரோப்பிய முறையில் 40 மில்லிமீட்டர் கனசதுரத் துண்டுகளை 14 விழுக்காடு சோடியம் சல்ஃபேட் கரைசலில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி, ஆறவைத்து மறுபடி ஊறவைப்பார்கள். இப்படி 15 சுற்று. முடிவில் எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். சில கற்கள் பாதியிலேயே பொடியாகிவிடும். நம் வாசலில் பல ஆண்டுகளில் நடப்பதை ஆய்வகத்தில் சில வாரங்களில் பார்த்துவிடலாம்.

கட்டணத்தை நான் ஏற்கிறேன், சங்கக் கணக்கில் எழுத வேண்டாம். மாதிரி எடுக்கும்போது அத்தையின் மகனும் பூவரசமரத்து அண்ணனின் மைத்துனரும் உடன் இருக்கட்டும். அறிக்கை நேராக இந்தக் குழுவுக்கே வர வேண்டும். கல் தேறினால் தரையிலிருந்து மூன்றடிக்குக் கருங்கல், அதற்கு மேல் சித்தப்பா ஆசைப்படும் சிவப்புக் கல். தேறாவிட்டால் முழுவதும் கருங்கல். அதுவரை தவணைப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும், பெரியப்பா.

அன்புடன்,
வாய்க்கால்கரை வீட்டு இளையவன்
எடின்பரோ