மேக்ரோவை ஃபங்ஷனா மாத்தினதும் கம்பைல் ஆகல, அவசரம்

கீழைக்காற்று:
பழைய புராஜெக்ட்ல ரெண்டு எண்ல பெரியதை எடுக்கற மேக்ஸ் மேக்ரோ (கம்பைலுக்கு முன்னாடியே எழுத்தா விரிஞ்சு ஒட்டிக்கறது) ஒண்ணு இருக்கு. உள்ள டைப்ஆஃப் (மதிப்போட டைப்பைக் கண்டுபிடிச்சுத் தர்றது), பிரேஸ், மூணு துணை மேக்ரோ, படிச்சாலே தலை சுத்துது. தூக்கிட்டு சாதாரண ஃபங்ஷன் எழுதினேன். இப்ப எரர் வருது. ராத்திரிக்குள்ள கொடுக்கணும், யாராவது உதவுங்க.

நூல்கண்டு:
சி-யா, சி++-ஆ? எந்த கம்பைலர்? எரர் என்ன சொல்லுது? அந்த வரியையும் ஒட்டுங்க.

மூணாம்பிறை:
மேக்ரோன்னாலே இந்தத் தொல்லைதான். மேக்ஸ்(ஐ++, ஜே)ன்னு எழுதினா ஐ பெரிசா இருந்தா ரெண்டு தடவை ஏறும். தூக்கினது நல்லதுதான். வெறும் இன்லைன் மட்டும் போட்டிருப்பீங்க, அதான் லிங்க்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒண்ணா இணைக்கறது) கத்துது. முன்னாடி ஸ்டாட்டிக் சேருங்க.

பழையபுலி:
ஐ ரெண்டு தடவை ஏறாம இருக்கத்தான் அதுல டைப்ஆஃப் இருக்கு. ரெண்டு மதிப்பையும் தற்காலிக வேரியபிள்ல பிடிச்சு வச்சுட்டுத்தான் ஒப்பிடும். மேக்ரோவை விரிக்கற ப்ரீபிராசசரைத் தெரியாதவங்க மேக்ரோவைத் தொடக்கூடாது தம்பி. கம்பைலர்ல ஜிசிசி -இ போட்டு மேக்ரோ விரிஞ்சதைப் பாத்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஒவ்வொரு தடவையும் ஃபங்ஷனைக் கூப்பிட்டா வேகமும் போச்சு.

மூணாம்பிறை:
வேகம் எங்க போகுது? வேகத்துக்கு மெருகேத்தற -ஓ2ல இவ்வளவு சின்ன ஸ்டாட்டிக் ஃபங்ஷனை ஜிசிசி அங்கேயே விரிச்சிடும். அசெம்பிளி எடுத்துப் பாருங்க சார்.

பழையபுலி:
மெருகேத்தாத -ஓ0ல டீபக் பண்றவனைக் கேளுங்க. லினக்ஸ் இயங்குதளத்தோட மையமான கெர்னலே மேக்ரோதான் வச்சிருக்கு.

நூல்கண்டு:
அதே கெர்னல்ல 2024ல மின் (சின்னதை எடுக்கறது), மேக்ஸ் மேக்ரோ ஒண்ணுக்குள்ள ஒண்ணா விரிஞ்சு, ஸென்ங்கற மெய்நிகர் இயந்திரப் பகுதியில ஒரே ஒரு வரி ப்ரீபிராசசரைத் தாண்டறப்ப 47 எம்பி ஆச்சு. பில்ட் நேரம் இழுத்ததாலதான் லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே உக்காந்து சுருக்கினார். கம்பைல் நேரமும் வேகக் கணக்குல சேரணும். கீழைக்காற்று, எரர் எங்கே?

கீழைக்காற்று:
சாரி, மீட்டிங். சி, ஜிசிசி. ஒரு ஃபங்ஷனுக்குள்ள சார் (char) பஃப்[மேக்ஸ்(தலை_அளவு, உடல்_அளவு)]ன்னு இருக்கு, அங்க விஎல்ஏ (ஓடறப்ப அளவு முடிவாகற அரே)ன்னு எரர். ரெண்டும் டிஃபைன் பண்ண எண்தான், 64, 256. மத்த இடமெல்லாம் ஓகே.

நூல்கண்டு:
முதல் பதிவுலயே இதைப் போட்டிருந்தா இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. சி-ல ஃபங்ஷன் திருப்பித் தர்றது கான்ஸ்டன்ட் எக்ஸ்பிரஷன் (கம்பைல் பண்றப்பவே மதிப்பு தெரியறது) ஆகாது, உள்ள போறது 64, 256ஆ இருந்தாலும். அதனால அரேயோட அளவு ஓடறப்பதான் முடிவாகும்னு கம்பைலர் எடுத்துக்குது. உங்க பில்ட்ல அதுக்குத் தடை இருக்கு. பழைய மேக்ரோ அவ்வளவு முறுக்கிக்கிட்டு நின்னதும் இதுக்காகத்தான் இருக்கும். 2018ல கெர்னல்ல விஎல்ஏவை ஒழிச்சப்ப மேக்ஸ் அப்படித்தான் பெருத்துச்சு.

ரெண்டாப் பிரிங்க. அரே அளவுக்கு ஒரு வரி மேக்ரோ, பேரு பெரிய எழுத்துல: ((அ) > (ஆ) ? (அ) : (ஆ)). அதுக்குள்ள மாறாத எண் மட்டும்தான் போகணும். மத்த இடத்துக்கு உங்க ஃபங்ஷன். கெர்னல்லயும் இப்ப மாறாத எண்ணுக்குத் தனியா வச்சிருக்காங்க.

அப்புறம், ஃபங்ஷன் இன்ட் (முழு எண்) வாங்குதா? எங்கயாவது டபுள் (தசம எண்) போனா சத்தமில்லாம வெட்டிடும், 2.7 போனா 2தான் வரும். -டபிள்யூகன்வர்ஷன் போட்டு ஒரு தடவை பில்ட் பண்ணுங்க.

பழையபுலி:
இதுக்கு அந்த மேக்ரோவை அப்படியே விட்டிருக்கலாம்.

மூணாம்பிறை:
அடுத்து வர்றவங்களும் அதைப் படிக்கணுமே சார்.

கீழைக்காற்று:
பிரிச்சிட்டேன், பில்ட் ஆச்சு. நன்றி அண்ணா.

நூல்கண்டு:
கன்வர்ஷன் வார்னிங் ஏதாவது வந்துச்சா?